கரைவலை இன்னும் பொறுத்திருக்கிறது

என் அன்பு மச்சாள் றெஜினா,

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துப் பேசினால் உமக்குப் பிடிக்காது. கரைவலை மறுபடி ஓடுகிறது. காலைப் பூசை முடிந்து வந்து, தேத்தண்ணி வைத்துக் குடித்து, உம்முடைய லப்டொப்பைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். எடிட்டரின் புதிய பதிப்பில் அது திறக்கிறது, வாசிக்கிறது, பிழையைக் காட்டுகிறது. நீர் இருந்த காலத்தில் செய்ததுபோலவே, எழுதுகிறவர் எழுதி முடிக்கும்வரை பொறுத்திருந்து காட்டுகிறது.

இந்தக் கடிதத்தைப் பங்குச் சஞ்சிகையில் போடக் கேட்டிருக்கிறார்கள். நான் ஓம் என்றுவிட்டேன். ஆகவே உமக்குத் தெரிந்ததையே சில இடங்களில் மற்றவர்களுக்காக விளக்கவேண்டி வரும். சலித்துக்கொள்ளாதேயும். உமக்குச் சலிப்பு வந்தால் காலை ஆட்டத் தொடங்குவீர் என்று எனக்குத் தெரியும்.

கொம்பியூட்டருக்குப் புரோகிராம் எழுதுகிறவர்கள் எடிட்டர் என்ற ஒன்றில்தான் எழுதுவார்கள். தன்பாட்டில் அது வெறும் தாள். நாம் எழுதும் மொழி அதற்கு விளங்கவேண்டுமென்றால் அந்த மொழிக்கான நீட்சி ஒன்றை அதில் பூட்டவேண்டும். மழை அளக்கிற பெட்டி, கிணற்றில் நீர்மட்டம் பார்க்கிற பெட்டி, மீன் வைக்கும் அறையில் குளிர் பார்க்கிற பெட்டி, இப்படியான சின்னக் கருவிகளுக்கு எழுதும் பழைய மொழி ஒன்று இருக்கிறது. பெரிய கொம்பனிகள் அதைக் கைவிட்டுக் கனகாலம். அதற்கு ஒரு நீட்சி எழுதி, விலை வைக்காமல், எவரும் எடுக்கலாம், எவரும் திருத்தலாம் என்று உலகத்துக்கு விட்டவர் பேசாலையில் பிறந்த நீர்.

அதற்குக் கரைவலை என்று பேர் வைத்தீர். ஏன் இந்தப் பேர் என்று கேட்டேன்.

"கரையில நிண்டு ரெண்டு பக்கமும் இழுத்தா உள்ளுக்குக் கிடக்கிறதெல்லாம் ஒண்டா வந்து சேரும் மச்சாள். பிழையும் அப்பிடித்தான் வரவேணும். ஒவ்வொண்டாத் தூண்டில் போட்டுப் பிடிக்க ஏலாது."

இதைச் சொன்னபோது நீர் கொழும்பு வேலையை விட்டுவிட்டு, நோய் வருத்தத்தோடு வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தீர். மருந்து உம்முடைய விரல் நுனிகளை மரத்துப்போகப் பண்ணியிருந்தது. எழுத்துகளை அமத்தினால் அமத்தியது தெரிவதில்லை என்றீர். அதனால் நீர் கட்டிலில் சாய்ந்திருந்து சொல்லச் சொல்ல, குசினிக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு நான் தட்டினேன். அடுப்பில் குழம்பு, மடியில் லப்டொப். என்ன தட்டுகிறேன் என்று எனக்குத் தெரியாது. நீர் சொன்ன எழுத்தைத் தேடித் தட்டியதோடு சரி.

நான் பாதிச் சொல்லில் நிற்கும்போதே எடிட்டர் சிவப்புக் கோடு போட்டுவிடும். அது எனக்குப் பெரிய தொல்லையாக இருந்தது. கணக்குக் கொப்பியில் ஒரு சிவப்பும் வராமல் வீடு நடத்துகிறவள் நான். கோட்டைக் கண்டவுடன் பதறிப்போய்த் தட்டியதையெல்லாம் அழிப்பேன். அடுத்த எழுத்தைத் தட்டியிருந்தால் அந்தக் கோடு தானாகப் போயிருக்கும் என்று நீர் சொல்லியும் என் கை கேட்காது. முதலில் சிரித்தீர். பிறகு யோசித்தீர். அடுத்த நாள் ஒரு புதுப் பகுதியைச் சொல்லித் தட்டவைத்தீர். அதற்குப் பிறகு, நான் விரலை எடுத்து ஒரு மூச்சு விடும்வரை சிவப்பு வரவில்லை.

"நீங்கள் எழுதி முடியுங்கோ மச்சாள். இனி அது பொறுக்கும்."

எனக்காக அதைச் செய்தீர். ஆனால் உலகத்தில் என்னைப்போல் பதறுகிறவர்கள் எத்தனையோ பேர் இருந்திருக்கிறார்கள். கரைவலையைப் பற்றி நல்லதாக எழுதிய எல்லோரும் இந்தப் பொறுத்திருத்தலைத்தான் முதலில் சொன்னார்கள்.

ஒன்று சொன்னால் கோவிக்காதேயும். நீர் எனக்கு ஒன்றும் படிப்பித்ததில்லை. படிப்பிக்கிற பொறுமை உமக்குக் கிடையாது. இது என்ன என்று கேட்டால், "அதை விடுங்கோ, நான் சொல்லுறதை மட்டும் தட்டுங்கோ" என்பீர். எடிட்டருக்கு அவ்வளவு பொறுமையைக் கொடுத்தவர் உமக்கும் கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கலாம்.

நீர் போன பிறகு உம்முடைய சட்டைகள், மூக்குக்கண்ணாடி, இந்த லப்டொப் எல்லாம் அலுமாரிக்குள் போயின. ஆண்டுப் பூசை முடியும்வரை செத்தவரின் சாமானில் கைவைக்கக்கூடாது என்பது உங்கள் அம்மாவான என் மாமியின் சட்டம். சாவியை மாமி இடுப்பில் செருகிக்கொண்டார். பூசை முடிந்த கிழமை அலுமாரியைத் திறந்து, சட்டைகளை உயிலங்குளத்துச் சித்தியின் பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்பினார். லப்டொப்பை இரண்டு கையிலும் ஏந்திக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"நீதானே தட்டினனீ. நீயே வைச்சிரு."

திறந்தேன். அந்த வருடம் முழுதும் கரைவலையைப் பாவிக்கிறவர்கள் உம்மைத் தேடியிருக்கிறார்கள், மச்சாள். நீர் போனது அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. முதலில் மரியாதையாக ஒரு திருத்தம் கேட்டிருந்தார்கள். பிறகு நினைவூட்டினார்கள். பிறகு கொஞ்சம் கோபம். கடைசியில் ஒருவர் ஒற்றை வரி எழுதியிருந்தார்: "இது செத்துவிட்டதா?" என் ஆங்கிலம் பத்தாம் வகுப்போடு நின்ற ஆங்கிலம். ஆனாலும் அந்த வரியை விளங்கிக்கொள்ள எனக்கு அகராதி தேவைப்படவில்லை.

அவற்றோடு எடிட்டரை நடத்துகிறவர்களின் அறிவித்தலும் கிடந்தது. உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு வரும் பதிப்பில் பழைய முறையில் கட்டிய நீட்சிகள் ஓடாது, திருத்தாதவற்றைத் தங்கள் அடுக்கிலிருந்து எடுத்துவிடுவோம் என்று. கரைவலை பழைய முறையில் கட்டியது. கீழே ஒருவர், போனால் போகட்டும், வேறு பேரில் புதிதாக ஒன்று எழுதலாம், அந்தப் பொறுத்திருத்தலும் வேண்டாம், பிழையை உடனே காட்டுவதுதான் கெட்டித்தனம் என்று எழுதியிருந்தார். அதை வாசித்தபோதுதான் எனக்கு வீம்பு வந்தது. பேர் போவதைக்கூட ஒருவேளை தாங்கியிருப்பேன். உலகத்தில் எங்கோ என்னைப்போல் ஒருத்தி பாதிச் சொல்லில் பதறி அழிப்பாளே, அவளுக்கு இனி யார் பொறுத்திருப்பார்கள்?

அன்றே பதில் போட்டேன். சொல் சொல்லாகத் தேடி எழுதினேன். "இதை எழுதியவர் இறந்துவிட்டார். நான் அவருடைய அண்ணனின் மனைவி. கொஞ்சம் பொறுத்திருங்கள்."

பொறுத்திருந்தார்கள். இரங்கல் எழுதினார்கள். அவர்களில் மார்ட்டின் என்று ஒருவர், எங்கோ வறண்ட தேசத்தில் ஊர்க் கிணறுகளுக்கு நீர்மட்டப் பெட்டி பூட்டித் திரிகிறவர். கரைவலை இல்லாமல் தன்னுடைய வேலை பாதியாகிவிடும் என்றும், முடிந்தால் பரீட்சித்துப் பார்த்து உதவுகிறேன் என்றும் எழுதினார். நீர் உயிரோடு இருந்தபோது அவரோடு சண்டை பிடித்திருக்கிறீர் என்று பிறகு பழைய மடல்களில் பார்த்தேன். அவர் அதைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நல்ல மனிசன்.

பிறகு படிக்கத் தொடங்கினேன். உம்முடைய அண்ணர் விடிய முன் கடலுக்குப் போய், வெயில் ஏற முன் வந்து, சாப்பிட்டுப் படுப்பார். என் மகள் சின்னவள் பள்ளிக்கூடத்தில் இருப்பாள். அந்த நேரம் என்னுடையது. இன்டர்நெட்டில் பாடம் சொல்கிறவர்களைப் பார்த்தேன். அதைவிட உம்முடைய எழுத்தைத்தான் அதிகம் வாசித்தேன். முன்பு நானே தட்டிய வரிகள்தான், ஆனால் இப்போதுதான் அவை பேசத் தொடங்கின. ஓ, இதற்குத்தானா அன்றைக்கு அவ்வளவு அவசரப்படுத்தினீர் என்று பல இடங்களில் நின்று சிரித்திருக்கிறேன். நான் வீட்டுக் கணக்கு எழுதும் விதமும் கைகொடுத்தது. இன்று மாலை கையில் என்ன இருக்கவேண்டும் என்று முதலில் எழுதிவிட்டுப் பிறகுதான் பெட்டியைத் திறந்து எண்ணுவேன். புரோகிராமைப் பரீட்சிப்பதும் அதேதான். என்ன வரவேண்டும் என்று முதலில் எழுதிவிட்டு, பிறகு ஓட்டிப் பார்ப்பது.

ஊர் சும்மா இருக்குமா? எங்கள் ஒழுங்கை வீட்டுக்காரர்களில் ஒருவர், பேர் வேண்டாம், அவரும் இதை வாசிப்பார், செபமாலை முடிந்து வரும்போது என் தோளில் இடித்துக் கேட்டார்.

"என்ன பிலோ, வெளிநாட்டுக்காரரோட ஒவ்வொரு நாளும் கதைக்கிறியாம். கனடாவுக்குக் கடிதம் போட்டிட்டியோ?"

"ஓம் அக்கா, போகேக்க உங்களையும் கூட்டிக்கொண்டு போறன், பை அடுக்குங்கோ" என்றேன். அதோடு கேட்பதை விட்டுவிட்டார்.

உம்முடைய அண்ணர் வாசலில் வலையைப் பரப்பிக் கிழிசல் தைத்துக்கொண்டு இருந்த ஒருநாள் என்னை எட்டிப் பார்த்துச் சொன்னார்: "நான் வலை பொத்துறன், நீ கரைவலை பொத்துறாய். ஒரு வீட்டில ரெண்டு பேருக்கும் ஒரு தொழில். என்ர தங்கச்சி செத்தும் எங்களுக்கு வேலை வைச்சிட்டுத்தான் போயிருக்கிறாள்." சொல்லிவிட்டு முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். நானும் பார்க்காத மாதிரி இருந்தேன்.

இனி நான் விட்ட பிழைக்கு வருகிறேன்.

கரைவலையின் நெஞ்சு அதன் வாசிப்பான். எழுதுகிறவர் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் வாசித்து, இது என்ன, சரியா பிழையா என்று பார்ப்பது அதுதான். அந்த வாசிப்பான் எடிட்டருக்குள் போகிற பழைய வாசலைத்தான் மூடப்போகிறார்கள். செய்யவேண்டியது தெளிவு. பழைய வாசிப்பானை எடுத்துவிட்டுப் புதிய முறையில் ஒன்று எழுதவேண்டும். நான் புதியதை எழுதினேன். ஆனால் பழையதை எடுக்கவில்லை. உம்முடைய கோப்பில் ஓர் எழுத்தைக்கூட நான் தொடவில்லை. செத்தவரின் சாமானில் கைவைக்கக்கூடாது என்று ஒரு வருடம் பழகிய கை. வீட்டு அலுமாரி திறந்து கனநாளாகியும் எனக்குள் ஒன்று பூட்டியே கிடந்தது. பழைய வாசிப்பான் உள்ளே வருவதற்குப் பக்கவாட்டில் ஒரு வாசல் வெட்டிக் கொடுத்தேன். மற்ற வேலையெல்லாம் புதியதற்கு, பொறுத்திருக்கிற வேலை மட்டும் உம்முடையதற்கு என்று பிரித்துவிட்டேன். என்ன கெட்டித்தனம் என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன்.

என்னுடைய சின்னக் கோப்புகளில் அது நன்றாக ஓடியது. குருத்தோலை ஞாயிறுக்கு முதல்நாள் உலகத்துக்கு விட்டேன். ஞாயிறு பூசைக்குக் குருத்தோலையைப் பிடித்துக்கொண்டு பெருமையாக நடந்தேன். பாடல்கூட வழக்கத்தைவிடச் சத்தமாகப் பாடினேன் என்று சின்னவள் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து திறந்தால் மார்ட்டினின் மடல். ஒரு கிணற்றடியில் நின்று பெரிய கோப்பொன்றைத் திறந்திருக்கிறார். எடிட்டர் அப்படியே உறைந்துவிட்டது. காலையில் எழுதியதெல்லாம் போய்விட்டது. காரணத்தையும் அவரே கண்டுபிடித்திருந்தார். இரண்டு வாசிப்பான்களும் ஒரே கோப்பை ஒரே நேரத்தில் வாசிக்கின்றன. இது முடிக்கட்டும் என்று அது நிற்கிறது, அது முடிக்கட்டும் என்று இது நிற்கிறது. எழுதுகிறவர் நடுவில் மாட்டிக்கொண்டார். புதியது நன்றாக இருக்கிறது, பழையதை ஏன் வைத்திருக்கிறீர்கள், அதை எடுத்துவிடுங்கள் என்று மரியாதையாக எழுதியிருந்தார். எடுக்கும்வரை தான் கரைவலையைப் பாவிக்கமாட்டேன் என்பதையும் அதே மரியாதையோடு சொல்லியிருந்தார்.

அவரில் பிழை இல்லை. நான் லப்டொப்பை மூடிவைத்துவிட்டேன். திங்களும் திறக்கவில்லை. கோயிலுக்குப் போய்ச் சிலுவைப் பாதையில் நின்றபோதும் மனம் அந்தக் கோப்பிலேயே நின்றது. பெரிய கிழமை தொடங்கிவிட்டது, நாள் ஓடுகிறது. எடுத்தால் உம்முடைய எழுத்துப் போகும். எடுக்காவிட்டால் உம்முடைய கரைவலை போகும். இதில் எதை நீர் கேட்டிருப்பீர்? கேட்க நீர் இல்லையே.

செவ்வாய் காலை குசினிப் பின்பக்கம் மாமி சூடைமீன் ஆய்ந்துகொண்டிருந்தார். நான் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"ஏன் பிள்ளை, அந்தப் பெட்டியைத் திறக்கேல்லை?"

சொன்னேன். வாசிப்பான், வாசல் என்றெல்லாம் சொல்லவில்லை. றெஜினாவின் வேலையைக் காப்பாற்றவேண்டுமென்றால் றெஜினா எழுதியதையே எடுத்துப்போட வேண்டியிருக்கிறது மாமி, எனக்குக் கை வருகுதில்லை என்றேன். மாமி நிமிரவில்லை. கையில் இருந்த மீனை முடித்துச் சட்டியில் போட்டார்.

"உன்ர மாமாவின்ர குழியிலதானே பிள்ளையைக் கிடத்தினது. அவரைத் தூக்கி எறிஞ்சனாங்களோ? எலும்பைப் பொறுக்கி, வெள்ளைத் துணியில கட்டி, தலைமாட்டில வைச்சுப்போட்டுத்தானே அவளை இறக்கினது. தகப்பன் இடம் விட்டார், மகள் படுத்தாள். அவர் இடம் விடாட்டி அவளை எங்க கொண்டுபோய் வைச்சிருப்பம்?"

சொல்லிவிட்டு அடுத்த மீனை எடுத்தார். "தண்ணியை ஊத்து, நேரமாகுது."

உம்மை அடக்கம் செய்த அன்று சேமக்காலையில் நானும் நின்றேன். குடும்பத்துக்கு ஒரு குழி என்பது எங்கள் வழக்கம், அது எல்லோருக்கும் தெரியும். வெள்ளைத் துணி முடிச்சு ஒன்றை உம்முடைய தலைமாட்டுக்கு அவர்கள் இறக்கியதை நானும் பார்த்தேன். பார்த்தும் எனக்கு அது தோன்றவில்லை. மாமிக்குத் தோன்றியது.

மீனைக் கழுவி அடுப்பில் வைத்துவிட்டு லப்டொப்பைத் திறந்தேன். முதலில் தலைமாட்டை ஒழுங்கு செய்தேன். உம்முடைய வாசிப்பான் முழுவதையும், ஒரு புள்ளி குறையாமல், தனி இடமொன்றில் கட்டிவைத்து அதற்குத் தலைமாடு என்று பேர் போட்டேன். கரைவலையை எடுக்கிற எவரும் அதையும் திறந்து வாசிக்கலாம். அது இனி ஓடாது, ஆனால் அங்கே இருக்கும். அதற்குப் பிறகு சிலுவை போட்டுக்கொண்டு, உம்முடைய வரிகளை ஒவ்வொரு பகுதியாக எடுக்கத் தொடங்கினேன்.

எடுக்க முன் ஒவ்வொன்றையும் வாசித்தேன். "இதைத் தொடாதே. ஏனெண்டு எனக்கே தெரியாது" என்று நீர் ஓரிடத்தில் எழுதிவைத்திருந்தீர். நானும் எல்லாப் பக்கமும் பார்த்தேன் மச்சாள், எனக்கும் தெரியவில்லை. பயந்து பயந்து எடுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. நீர் இருந்திருந்தால் இதற்கு விழுந்து விழுந்து சிரித்திருப்போம்.

எல்லாம் எடுத்தபிறகு கரைவலை லேசாகிப்போனது. பெரிய கோப்பைத் திறந்தேன், உறையவில்லை. ஆனால் நான் பயந்ததும் நடந்தது. பொறுத்திருத்தல் பழைய வாசிப்பானுக்குள்தான் இருந்தது, அதோடு அதுவும் போய்விட்டது. ஓர் எழுத்துத் தட்டினால் சிவப்பு, அடுத்ததற்கும் சிவப்பு. எங்கள் ஒழுங்கைக்காரர் மாதிரி ஒன்றையும் முடிக்க விடவில்லை.

அதை நான்தான் எழுதவேண்டியிருந்தது. உம்முடைய வரிகளைப் பார்த்து எழுத முடியாது, இது வேறு வகையான வாசிப்பான். நீர் என்ன செய்தீர் என்பதை விட்டுவிட்டு, எனக்கு அது எப்படி இருந்தது என்று நினைத்து நினைத்து எழுதினேன். விரல் எழுத்தைத் தேடும்போது பேசாதே. விரல் எழும்பி, அந்த ஆள் ஒரு மூச்சு விட்டபிறகு பேசு. பெரிய புதன் மதியம் அது ஓடியது.

ஓடியதா இல்லையா என்று எப்படிப் பார்ப்பது? நீர் என்னை வைத்துத்தான் அந்த மூச்சை அளந்தீர். இப்போது என் விரல் வேகமாகிவிட்டது, எனக்குப் பரீட்சை எடுக்க முடியவில்லை. எழுத்துப் பலகையைத் தொட்டே பார்க்காத ஒருவர் வேண்டும். மாமியைக் கூப்பிட்டேன்.

மாமி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கதிரை நுனியில் இருந்தார். "என்னத்தை எழுத?" என்றார். விருப்பமானதை எழுதுங்கோ, ஆங்கில எழுத்து எங்கே இருக்கிறதென்று நான் காட்டுகிறேன் என்றேன். உம்முடைய பேரைச் சொன்னார்.

நான் காட்டக் காட்ட, ஒற்றை விரலால், மாம்பழம் கனிந்திருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி அமத்தினார். ஓர் எழுத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு பரலோக மந்திரம் சொல்லி முடிக்கலாம். விரல் ஆகாயத்தில் தொங்கியபடி பலகை முழுவதையும் தேடியது. நான் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சிவப்பு வரவில்லை.

"ஏன் இது ஒண்டும் சொல்லாமக் கிடக்கு?"

"நீங்கள் முடிக்கட்டும் எண்டு பொறுத்திருக்கு மாமி."

கடைசி எழுத்தையும் தட்டி, மாமி கையை மடியில் வைத்தார். ஒரு மூச்சு. பிறகு உம்முடைய பேருக்குக் கீழே சிவப்புக் கோடு வந்தது. அந்த மொழியில் அப்படியொரு சொல் இல்லை, அதனால் வந்தது, வரவேண்டும். எனக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. மாமிக்குக் கோபம் வந்துவிட்டது.

"அவளின்ர பேரைப் பிழை எண்டு சொல்லுதோ?"

"அதுக்கு அவளைத் தெரியாது மாமி."

"பெத்தவளைத் தெரியாத பிள்ளையோ?" என்று எழும்பிப் போனவர், குசினி வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார். "எண்டாலும் நான் முடிக்குமட்டும் பொறுத்தது. அது அவளின்ர குணமில்லை. உன்ர குணம்" என்றார்.

இல்லை மாமி, அது அவளின் குணம்தான், அவள் வெளியில் காட்டவில்லை என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. இப்போது இங்கே எழுதிவிட்டேன், மாமிக்குச் சின்னவள் வாசித்துக் காட்டுவாள்.

பெரிய வெள்ளி ஒருசந்தி நோன்பு, வேலையைத் தொடவில்லை. பெரிய சனி மதியம், இரவுப் பூசைக்குச் சட்டைகளை இஸ்திரி போட்டு வைத்துவிட்டு, கரைவலையை மறுபடி உலகத்துக்கு விட்டேன். இந்த முறை பெருமையாக நடக்கவில்லை, ஆனால் பயமும் இருக்கவில்லை. எல்லாம் பரீட்சித்தாகிவிட்டது, மாமி உட்பட. உயிர்த்த ஞாயிறு காலை மார்ட்டின் எழுதியிருந்தார். பெரிய கோப்புகள் எல்லாம் திறந்து பார்த்தாராம், ஒன்றும் உறையவில்லை. "பழையதைப் போலவே பொறுத்திருக்கிறது. எப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்டிருந்தார். என் மாமியார் உதவினார் என்று பதில் போட்டேன். பகிடி என்று நினைத்திருப்பார்.

தலைமாடு என்று ஒன்று இருக்கிறதே, அது என்ன என்றும் கேட்டார். எங்கள் சேமக்காலையில் நடப்பதை எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதினேன். அதற்கு அவர் ஒரு நாள் கழித்துத்தான் பதில் போட்டார். ஒரே வரி. அதை யாரும் அழிக்காமல் தானும் பார்த்துக்கொள்வதாக.

பிறகு புதிய பதிப்பு வந்தது. பழைய முறை நீட்சிகள் பல அடுக்கிலிருந்து போயின. கரைவலை இருக்கிறது. எழுதியவர் என்ற இடத்தில் முதலாவதாக உம்முடைய பேர், அதற்குக் கீழே என்னுடையது. எடுத்த வரிகள் போக அதில் உம்முடைய எழுத்து அதிகம் மிச்சமில்லை. ஆனாலும் முதல் பேர் நீர்தான். அதில் எனக்குச் சந்தேகமில்லை, வேறு ஒருவரும் கேட்கவும் இல்லை. அந்த "செத்துவிட்டதா" என்ற வரிக்குக் கீழேயும் போய், இல்லை என்று எழுதிவிட்டு வந்தேன்.

நேற்றுப் பின்னேரம் மாமியும் நானும் சேமக்காலைக்கு வந்தோம். மெழுகுதிரி காற்றில் நிற்கவில்லை, மாமி சேலைத் தலைப்பால் மறைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். இதையெல்லாம் உமக்கு வாயால் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். கேட்டதா? மாமாவுக்கும் கேட்டிருக்கும், தலைமாட்டில்தானே இருக்கிறார்.

ஒரு வாக்குத் தருகிறேன், மச்சாள். மடுமாதா அறிய. என் கண்ணும் கையும் நிற்கும்வரை கரைவலையை நான் பார்ப்பேன். எடிட்டர் மாறினால் நானும் மாறுவேன். பாதிச் சொல்லில் நிற்கிற ஒருவரையும் அது பதறவைக்காது. ஒருநாள் வேறு யாரோ வருவார்கள், என்னுடைய வாசிப்பானும் பழசாகிவிட்டது, எடுக்கவேண்டும் என்பார்கள். அன்றைக்கு நான் பக்கவாட்டில் வாசல் வெட்டமாட்டேன். என்னுடையதையும் கட்டி உம்முடையதற்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, கதிரையை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு எழும்புவேன்.

எழும்ப முன் ஒன்று மட்டும் சொல்வேன். நீங்கள் எழுதி முடியுங்கோ, அது பொறுக்கும் என்று.

உம்முடைய அண்ணரின் வீட்டில் விளக்கேற்ற வந்து, உம்முடைய விரல்களுக்குப் பதிலாகத் தட்டப் பழகிய
உம்முடைய மச்சாள்,
பிலோமினா